ஆறு இல்லை

கார் நிறுத்தும் இடத்தில் கார் இல்லை.
வில்லாபுரத்தில் இந்த வீட்டை வாங்கியபோது
வரைபடத்தில் அப்படி எழுதியிருந்தது, அவ்வளவுதான்.
அங்கே ஒரு பழைய கதவைப் படுக்கப் போட்டு
மரம் அறுக்கிறேன்,
லேபில் இரவு ஷிப்ட் முடிந்த பகல்களில்.

துளைக்கிற பிட்டுகள் எல்லாம்
ஒரு முறுக்கு டப்பாவில் கிடந்தன.
மூன்று தேடினால் மூன்றரை வரும்.
நான்கு தேடினால் விரலில் ரத்தம் வரும்.
ராத்திரி முழுக்க அடுத்தவர் ரத்தத்தைக்
குழாய் குழாயாய் நிறுத்தி
ஊதா மூடி இங்கே, சிவப்பு மூடி அங்கே என்று
பெயரும் வயதும் ஒட்டுகிறவள் நான்.
இந்த டப்பாவை டாக்டர் பார்த்தால்
அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்.

அவனியாபுரம் மில்லில் ஒரு வேப்பங்கட்டை,
செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிது, மூலையில் கணு.
"சும்மா எடுத்துட்டுப் போங்க மேடம், அடுப்புக்குப் போறதுதானே"
என்றவர்
எடை போட்டு நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஒன்றில் தொடங்கி அரை அரையாய் ஏறி
பதிமூன்று வரை
இருபத்தைந்து பென்சில் புள்ளிகள்.
ஒவ்வொரு பிட்டும் தன் வீட்டைத்
தானே துளைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.
நினைக்க நன்றாக இருந்தது.
இரண்டைத் துளைத்து நுழைத்தேன்.
வெளியே எடுக்கக் குறடு வேண்டியிருந்தது.
சொந்த அளவில் போட்ட வீடு
ஆளை விடுவதில்லை.
மூச்சுக்கு அரை எம்எம் கூட வேண்டும்.
ஆகவே நான்கின் வீட்டை நாலரை போட்டது,
நாலரையின் வீட்டை ஐந்து,
ஐந்தின் வீட்டை ஐந்தரை.
ஐந்தரைக்குப் போட
ஆறு இல்லை.

மதுரையில் இதைச் சொன்னால்
யாரும் பதறுவதில்லை,
மணலைக் காட்டிவிட்டுப் போவார்கள்.

ஆறரை இருக்கிறது, ஆறுக்கு வீடு போட்டாயிற்று,
குடியேறத்தான் ஆள் இல்லை.
ஐந்தரை கையிலிருக்கிறது, வீடு இல்லை.
உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி
மரத்தூளில் இழுத்தேன்.
ஒன்பது ஆணி, ஒரு ஹேர்பின்,
எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி.

அப்போதுதான் மாடிவீட்டு தனுஷ்கோடி ஞாபகம் வந்தது.
கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்க வாங்கிப் போனவர்.
மேலே ஏறிப் போய்க் கேட்டேன்.
கேட்டது கொஞ்சம் கூடுதலாகவே கேட்டுவிட்டது.
"தீவாளிக்கு முந்தியே கையில குடுத்தேனேம்மா."
சொல்லிக்கொண்டே அடுக்களை இழுப்பறையைத் தரையில் கொட்டினார்,
ஸ்பேனர், தீப்பெட்டி, மகளின் உடைந்த வளையல்.
பின்னால் நின்ற அவர் மனைவியின் பார்வைக்கு
எந்த அளவும் குறித்திருக்கவில்லை.

மீதியை முடித்துவிடலாம் என்று பெரியவற்றுக்குப் போனேன்.
பதிமூன்றுக்கு வீடு போட
அதைவிடப் பெரியது யாருமில்லை.
தன் துளையில் தானே நின்று
ஆடி ஆடி
கொஞ்சம் இடம் செய்துகொண்டது.
அதோடு பேட்டரி செத்தது.

ஆணியில் தொங்கிய பழைய ட்ரில்லை இறக்கினேன்,
ஒயரில் மூன்று இடத்தில் டேப் சுற்றியது.
அதன் வாயில்
கெட்டியாகக் கடித்தபடி
ஆறு.
போன மாதம் கண்ணாடிச் சட்டத்துக்கு நான் மாட்டியது.
நானேதான்.

கழற்றாமல் அப்படியே ஐந்தரைக்கு வீடு போட்டேன்.
பிறகு கழற்றி, துடைத்து,
அதை அதன் இடத்தில் வைக்காமல்
கையில் வைத்துக்கொண்டு படியேறினேன்.
பதினேழு படி.
ஒரு படிக்குக்கூட வார்த்தை வரவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் இழுபடும் சத்தம்.
சிக்காமல், திணறாமல்
வழுக்கிக்கொண்டு வந்தது.
"தாழ்ப்பாள் நல்லா வச்சிருக்கீங்கண்ணே"
என்று
அதைத்தான் முதலில் சொன்னேன்.